இரைச்சல் நீக்கிய பிரதி

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மாடம்மாள் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு பிரணவின் ஸ்டூடியோவுக்குள் வந்தாள்.

தம்பானூரில் ஒரு ஹோட்டலில் காய்கறி நறுக்குகிறாள். வேலைக்கு நடுவே வந்திருந்தாள். கையில் வெங்காய வாடை போகவில்லை.

“சரியாக்கிட்டியா மக்கா?”

“ஆச்சு அம்மா. உக்காருங்கோ,” என்றான் பிரணவ்.

போன மாதம் அவள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். வீட்டிலிருந்த டேப்ரிக்கார்டர் கெட்டுவிட்டது. போனில் கேட்கிற மாதிரி மாற்றித் தர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கேசட்டில் இருந்தது அவள் மகன் சுடலைக்கண்ணுவின் குரல். வேறு எதிலும் அவன் குரல் இல்லை. கல்லாற்றில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. இடுப்பில் இருந்த பட்டன் போனும் அவனோடு போயிற்று. வருடங்கள் ஆகிவிட்டன.

பிரணவும் சுடலையும் அந்த நாளில் பிளாக் மெட்டல் வாசித்தார்கள். கிதார் இரைய வேண்டும். டிரம் நிற்கக் கூடாது. பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்த இசைக்காரர்கள் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு, சாவும் இருட்டும் தொனிக்கிற பெயராகத் தேடி வைத்துக்கொள்வார்கள். சுடலைக்கு அந்தச் சிரமம் இல்லை. வீட்டிலேயே வைத்திருந்தார்கள்.

சாலை மார்க்கெட்டுக்குப் பின்னால், சுடலையின் ஒற்றை அறை வீட்டில்தான் பதிவு செய்தார்கள். ஒரே மைக். மின்விசிறி ஓடியது. தகரக் கூரையில் மழை பெய்தது. எல்லாம் டேப்பில் ஏறியது.

நல்ல இடத்தில் மறுபடி எடுக்கலாம் என்றான் பிரணவ். இந்த இசையைத் தொடங்கியவர்கள் இப்படித்தான் எடுத்தார்கள், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கெட்டுப்போனது என்றான் சுடலை. கெடவில்லை, வளர்ந்திருக்கிறது என்றான் பிரணவ். டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒரே குடைக்குள்ளும் இதே சண்டை.

“பொணத்தக் குளுப்பாட்டிப் பவுடர் போட்டா எந்திரிச்சு நடக்குமா சாமி?” என்பான் சுடலை. அக்ரஹாரத்துப் பையன் என்பதால் பிரணவ் அவனுக்கு எப்போதும் சாமிதான்.

கடைசியாகப் பேசியதும் அதைத்தான். பிரணவ் மறுநாளைக்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தான்.

பிரணவின் இசை வளர்ந்தது. இப்போது அவன் குழுவில் வயலின் இருக்கிறது. வரிகள் புரிகின்றன. கொச்சியிலும் பெங்களூரிலும் கூட்டம் வருகிறது. இது பிளாக் மெட்டலே இல்லை என்று பழைய ஆட்கள் சிலர் இணையத்தில் எழுதுகிறார்கள். அப்போதெல்லாம் அவனுக்குச் சுடலையின் சிரிப்பு கேட்கும்.

கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒரு தடவை ஓடியது. அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டான். இரண்டாம் தடவை போட்டதும் நாடா பொடிந்து உதிர்ந்தது.

பிறகு இரவும் பகலும் உட்கார்ந்தான். விசிறியை எடுத்தான். மழையை எடுத்தான். பாட்டு அல்லாத எதையும் விட்டுவைக்கவில்லை. கடைசிக் கிதார் ஓய்ந்த இடத்தில் நறுக்கி, அதற்குப் பின்னால் கொஞ்சம் சுத்தமான அமைதி வைத்தான்.

முதன்முறையாகச் சுடலையின் வார்த்தைகள் கேட்டன. சாம்பல். இருட்டு. பனி. மறுபடியும் பனி. பொன்முடி மலையைத் தாண்டிப் போகாத பயல் பனியைப் பற்றிக் கத்தியிருக்கிறான்.

பிரணவ் சிரித்தான். பிறகு அழுதான்.

“பாருடா, எழுந்து நடக்கறதுடா,” என்று திரையைப் பார்த்துச் சொன்னான்.

சுத்தம் செய்ததைப் பழைய பதிவின் மேலேயே சேமித்தான். இனி யாருக்கும் அந்த இரைச்சல் வேண்டாம்.

இப்போது ஹெட்ஃபோனை மாடம்மாளின் தலையில் வைத்தான். நரைத்த முடியை ஒதுக்கி, காதில் சரியாகப் பொருத்தினான். பாட்டை ஓடவிட்டான்.

அவள் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். பாட்டுக் கேட்கிறவளைப் போல இல்லை. வரும் என்று தெரிந்த பஸ்ஸுக்கு நிற்கிறவளைப் போல இருந்தாள்.

அலறல் ஏறியதும் முகத்தைச் சுளித்தாள்.

“என்னா கத்து கத்துதான் பாரு!” ஹெட்ஃபோன் போட்டிருந்ததால் அவளும் கத்தினாள். “பக்கத்து வீட்டு ஷிஜா ஏசுவா. பேயி கேறின பாட்டுன்னு.”

பிரணவ் சிரித்தான். மகன் என்ன பாடுகிறான் என்று அவளுக்கு இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தான்.

பாட்டு முடிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றக் கை நீட்டினான்.

அவள் விரலை உயர்த்தித் தடுத்தாள். “இரு.”

கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து தயாராக நின்றது. லேசாக முன்னால் சாய்ந்தாள்.

திரையில் கோடு நேராக ஓடியது. பிறகு நின்றது.

அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்தாள்.

கண்ணைத் திறந்தாள்.

“பாட்டு தீந்த ஒடனே நான் சோறு திங்கக் கூப்பிடுவேன்லா? ‘இந்தா வாறேம்மா’ம்பான். அதுக்குத்தான் இந்தக் கத்தலெல்லாம் பொறுத்துக் கேக்கது. அது எப்ப வரும் மக்கா?”