ராய்ஸுக்கு நாற்பத்தொரு நற்சான்று

"மறுபடியும் கைரேகையா? போன மாசம்தானே கொடுத்தீங்க?"

காபிக் குடுவையைக் கையில் பிடித்தபடியே லொரெய்ன் நின்றுவிட்டாள்.

"தெளிவா விழலையாம். இது மூணாவது தடவை," என்றார் ராய்ஸ், பான்கேக்கைக் கிளறிக்கொண்டே. "மலாவிக்குப் போய் ரெண்டு வருஷம் சம்பளமில்லாம பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கணும்னு ஆசைப்பட்டது ஒரு குத்தமா? தொண்டர்களை அனுப்புற அமைப்புக்கு மனு போட்டு பதினாலு மாசம் ஆச்சு. பேசாம விட்டுடலாம்னு பார்க்கிறேன்."

"விடுறதாவது! எழுந்திருங்க. ஷெரிஃப் ஆபீசுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

காலை நேரக் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, லொரெய்ன் தன் உணவகத்திலிருந்து கிளம்பினாள். ராய்ஸ் போகாவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சின்ன நெப்ராஸ்கா ஊரே அவருக்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றது. ஞானப்பல் நான்கையும் எடுத்தால்தான் மருத்துவச் சான்று என்றார்கள். பல் டாக்டர் ஹெர்மன் ஞாயிற்றுக்கிழமையிலும் கிளினிக்கைத் திறந்து, காசு வாங்காமல் பிடுங்கிக் கொடுத்தார். "வலிச்சாச் சொல்லுங்க" என்றவர், சொன்ன பிறகும் நிறுத்தவில்லை.

நற்சான்றுக் கடிதம் மூன்று கேட்டார்கள். நாற்பத்தொன்று போனது. லொரெய்ன் எழுதியதைப் படித்திருந்தால், ராய்ஸைப் பெற்றவளே 'யாரு இந்த மகான்?' என்று கேட்டிருப்பாள்.

ஒரு வழியாக மே மாதம் அனுமதி வந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வழியனுப்பு விருந்து. ஆளுக்கொரு பாத்திரமாகச் சமைத்துக் கொண்டுவந்து குவித்தார்கள். லொரெய்னுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ராய்ஸ் மைக்கைப் பிடித்தார்.

"எனக்குன்னு இங்க யாருமில்லைன்னு நினைச்சுத்தான் மனுவே போட்டேன். நீங்க என்னடான்னா... அந்தப் பல்லு, அத்தனை கடிதம்... இவ்வளவு பாசத்தை விட்டுட்டு நான் எங்க போவேன்? வரலைன்னு காலையிலயே எழுதி அனுப்பிட்டேன்!"

யாரும் கைதட்டவில்லை. ஹெர்மனின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

ராய்ஸ் இறங்கி வந்து லொரெய்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நகராட்சியின் அபராதப் புத்தகத்தை எடுத்தார்.

"பாசம் வேற, கடமை வேற. உங்க வீட்டு வாசல்ல புல்லு நகராட்சி அளவைவிட அரை அங்குலம் அதிகமா வளர்ந்திருக்கு லொரெய்ன்," என்று சீட்டைக் கிழித்து நீட்டினார். "ஹெர்மன், நீங்க போயிடாதீங்க. குப்பை எடுத்த பிறகும் உங்க தொட்டி மூணு நாளா தெருவுலயே நிக்குது."