சுவரோரத்து டயர்

ஓட்டத்தில் வேகம் கூட்டுவதற்காக ரெஜினா தினமும் ஒரு பழைய டயரைக் கயிற்றால் இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுவாள்.

"நானும் அவளும் சேர்ந்தே ஓடுகிறோம்" என்றது டயர்.

"நீ எங்கே ஓடுகிறாய்? அவளைப் பின்னால் இழுக்கத்தான் உன்னைக் கட்டியிருக்கிறாள்" என்றது கயிறு.

மறுநாள் டயர் வேண்டுமென்றே துள்ளித் துள்ளி ஓடிக் காட்டியது.

போட்டியன்று ரெஜினா கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் மைதானத்துச் சுவரோரம் போட்டாள். நூறு மீட்டரில் அவளை யாராலும் நெருங்க முடியவில்லை. ஜெயித்தவளைப் பெரிய பயிற்சிக்கென்று பட்டணத்துக்கு அழைத்துப் போனார்கள்.

ஐப்பசி மழையில் டயருக்குள் தண்ணீர் நிறைந்தது.

"கயிறே, இப்போது நான் முன்னைவிடக் கனம்" என்றது டயர். "இழுத்தால் இன்னும் வேகம் வரும். அவளுக்கு எப்படியாவது சொல்லி அனுப்பேன்."