பெட்டி மூழ்கடித்த கப்பல்

புயல் ஓய்ந்த காலையில் ஒரு மரப்பெட்டி கரை ஒதுங்கியது. அங்கே முன்பே கிடந்த சீமைக் கண்ணாடிப் புட்டி அதை ஏற இறங்கப் பார்த்து, "நீரும் ஜெட்சம்தானோ?" என்று கேட்டது.

"அப்படின்னா என்ன?" என்றது பக்கத்தில் நின்ற நண்டு.

"இங்கிலீஷ் வார்த்தை. வீசுறதுக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. கப்பல் தத்தளிக்கும்போது, பாரம் குறையட்டும்னு கப்பல்காரங்களே கடல்ல வீசுற சாமானுக்கு அந்தப் பேர்."

பெட்டிக்குச் சுருக்கென்றது. கப்பல் சமையற்காரர் சூசை தன்னைக் கடலில் தூக்கிப் போட்டதை எப்படிச் சொல்வது? "என்னை யாரும் வீசலை. கப்பலே மூழ்கிடுச்சு. ஒருத்தர்கூடப் பிழைக்கலை" என்றது.

"ஐயோ, அத்தனை பேருமா!" என்று நண்டு அழுதது. புட்டி அன்று முதல் பெட்டியை 'ஐயா' என்றே அழைத்தது.

சில நாள் கழித்து ஒரு கப்பல் கரையோரமாகப் போனது. பெட்டியில் இருந்த அதே நீல மீன் சின்னம் அதன் பக்கவாட்டிலும் இருந்தது. மேல்தட்டில் சூசை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க ஆளுங்க பிழைச்சிட்டாங்க!" என்று நண்டு துள்ளியது. புட்டி கப்பலின் சின்னத்தையும் பெட்டியின் சின்னத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

அடுத்த அலையாவது தன் சின்னத்தை மணலால் மூடிவிடாதா என்று பெட்டி காத்துக் கிடந்தது.