கீழ்வீட்டுக்காரர்கள்

ஆசாரி வந்து அளவெடுத்துவிட்டுப் போனதிலிருந்து கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"மேல இருக்கிறவங்க பேசிகினு இருந்தாங்க. பழசை எடுத்துட்டுப் புதுசு போடறாங்களாம். கீழ முழுக்கப் பட்டுப் பொடவை ஸ்டாக் வெக்கப் போறாங்களாம். நமக்கு இடம் கெடையாது," என்றான் மனைவியிடம்.

தனபாக்கியத்துக்குக் கண் கலங்கியது.

"கிருபாகரன் நம்மள ஒரு நாளும் பேஜார் பண்ணதில்லையே. அந்தப் பொண்ணு யாழினி முறுக்கு வாங்கினா நமக்கும் ரெண்டு தள்ளிவுடும். அதை வுட்டுட்டு எங்கங்க போறது?"

"தேவிகாபுரத்துல எங்க அண்ணன் வீடு இருக்குது. ஜல்தியா மூட்டையக் கட்டு."

அவள் கட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே யாழினியின் அழுகைச் சத்தம் கேட்டது.

"புதுசு வேணாம்பா. கீழ இருக்கிறவங்க எங்க போவாங்க?"

"கட்டிலுக்கு அடியில யாரும்மா இருக்கப் போறாங்க?" என்று சிரித்தார் கிருபாகரன்.

"ரெண்டு பூதம் இருக்குதுப்பா. நல்ல பூதம். நீங்க பொட்டி வெச்ச கட்டில் போட்டா அதுங்க எங்க படுக்கும்?"

கிருபாகரன் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு அவர் ஆசாரிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அடியில பொட்டி வேணாம். சாதாக் கட்டிலே செய்ங்க. காலு மட்டும் கொஞ்சம் ஒசரமா வெச்சிடுங்க."

கோதண்டம் தன் கொம்பைத் தடவிக்கொண்டான்.

"இனிமே நிமிந்து உக்காந்தாலும் இது இடிக்காது."

தனபாக்கியம் மூட்டையை அவிழ்த்தபடி சிரித்தாள்.

"மனுசங்க பாக்கத்தாங்க பயங்கரம். மனசு வெல்லம்."