நாலு குழிகள்

மயிலாடிப் பட்டறையின் ஓலைக் கூரை வழியே விழும் வெயிலில் கல்தூசி மினுங்குகிறது. பலகையில் இரண்டு தொடையெலும்புகள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, அரியலூர்ப் பக்கத்து ஓடையில் கிடைத்த டைனோசரின் எலும்பு. கல்லாகவே இறுகிப்போனது, நாளை திருப்பி அனுப்ப வேண்டியது. மற்றது, கல்லூரியில் வைப்பதற்காக அதைப் பார்த்து அணஞ்சபெருமாள் ஆசாரி கருங்கல்லில் செதுக்கியது. விலங்கியல் வாத்தியார் ஞானாபரணம் புதியதைத் தடவிப் பார்க்கிறார். வழவழவென்று இருக்கிறது. விரல்கள் எதையோ தேடி நிற்கின்றன. "ஆசாரியே, பழசில உள்ள நாலு குழி இதில எங்கே?" "மூளியை நிரப்பிட்டேன் சாரே. மூளியா ஒரு உருவம் இந்தப் பட்டறையை விட்டுப் போனதில்ல." ஞானாபரணத்துக்குக் கோபம் வரவில்லை, பழையதன் குழிகளைத் தொட்டுக் காட்டுகிறார். "அது மூளி இல்ல. வேறொரு மிருகம் கடிச்ச பல்லுத் தடம். இது தழை தின்னது. அது இதைத் தின்னது. அதோட எலும்பு ஒண்ணுகூட அங்க கிடைக்கல்ல. அப்படி ஒண்ணு இருந்ததுக்கு இந்தக் குழி மட்டும்தான் சாட்சி."

ஆசாரி பழைய எலும்பின் குழிகளில் விரலை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கிறார். வெளியே வில்வண்டி மாடு தலையை ஆட்ட, மணி கிணுகிணுக்கிறது. பிறகு உளியையும் சுத்தியலையும் வாத்தியாரிடம் நீட்டுகிறார். "என் கையால முடியாது சாரே. நீங்களே கடிச்சிருங்க." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பக்கத்தில் பிள்ளையார் கொத்துகிறவனின் உளிச்சத்தம் நின்றுபோகிறது. ஞானாபரணம் கோட்டுக் கையை ஏற்றிவிட்டுக் குந்துகிறார். உளி வழுக்குகிறது. மறுபடி வைத்து அடிக்கிறார். முதல் பல் பதிகிறது.