பதினைந்து நாளுக்கு ஒரு தடவை

மாடி வீட்டில் மிக்ஸி ஜார் கேட்கப் போனவள், கூடவே வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

எல்லாம் ஓரகத்தியின் அடுப்படியில் தொங்கிய காலண்டரால் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு வட்டம். ஒவ்வொரு வட்டத்திலும் 'பல் டாக்டர், நாலரை மணி' என்று குட்டிக் குட்டியாக எழுதியிருந்தது.

கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு பெண். இரண்டுக்கும் பதிமூன்று வயசு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே மாதிரி தூக்கலான முன்பல். அப்பாக்கள் வழி வந்த சொத்து அது ஒன்றுதான். ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் கிளிப் போட்டார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வந்து கம்பியை இறுக்கிக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொன்னதை இரண்டு அம்மாக்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டார்கள்.

இப்போது பார்த்தால், இவளுக்கு ஆறு வாரம், அவளுக்கு இரண்டு வாரமா?

சும்மா கேட்பது மாதிரி கேட்டும் பார்த்தாள் பெரியவள். சின்னவளின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அது ஒண்ணுமில்லக்கா, ஒரு சின்ன வேலை" என்று ஜாரைக் கையில் திணித்து, தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

மழுப்புகிறாள் என்றால் விஷயம் இருக்கிறது. பெரியவளுக்கு அது போதாதா?

புருஷனிடம் சொன்னாள். பல் என்ன பந்தயமா ஓடுகிறது, போய் வேலையைப் பார் என்றான் அவன். தம்பி வீட்டைப் பற்றி இவனிடம் சொன்னது தன் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் கண் முன்னால் தெரிகிறதே! எட்டு மாசத்தில் மாடி வீட்டுப் பெண்ணின் பல் அப்படியே வரிசைக்கு வந்துவிட்டது. தன் பெண்ணுடையது போட்டது போட்டபடி இருக்கிறது. சாயங்காலம் ஆனால் இரண்டு பேரையும் ட்யூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சும்மா விடவும் மாட்டாள்.

"அவளைப் பாரு, முத்து மாதிரி வந்திருச்சு. நீயும்தான் இருக்கியே. மார்க்குலயும் அவ பின்னாடி, பல்லுலயும் அவ பின்னாடி."

மகள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பெரியவளுக்கு மனசு ஆறவில்லை. சின்னவளுக்கு வாய் சர்க்கரை. அக்கா, அண்ணா, டாக்டர் என்று குழைந்தே எங்கேயும் காரியத்தைச் சாதித்துவிடுவாள். மாமியார் இருந்தவரைக்கும் அப்படித்தான். இப்போது டாக்டரையும் கைக்குள் போட்டுக்கொண்டு, தன் பெண்ணை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, தனியாக கிளினிக்குக்குப் போனாள். வழக்கமாக மகளோடு வரும்போது அவளுக்கு வெளி பெஞ்சுதான். பிள்ளைகளை மட்டும்தான் உள்ளே கூப்பிடுவார்கள். இன்றைக்கு விடுவதாக இல்லை. கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, நேராக டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"டாக்டர், ஒரே நாள்ல போட்ட கிளிப்பு. மாடி வீட்டுப் பொண்ணை மட்டும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுறீங்க. என் பொண்ணு என்ன பாவம் பண்ணினா? இந்த ஓரவஞ்சனை எதுக்கு?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அடிக்கடி வந்தால் பல் சீக்கிரம் நகராது, எலும்பு அசைந்து கொடுக்க நாள் பிடிக்கும், அதனால்தான் இரண்டு பேருக்கும் ஆறு வாரம் என்று பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப அவங்க வீட்டுக் காலண்டர்ல பதினஞ்சு நாளுக்கு ஒண்ணா வட்டம் போட்டிருக்கிற தேதி எல்லாம்?"

டாக்டர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"நடுவுல அந்தத் தேதியில வந்தது எல்லாம் உங்க பொண்ணுதாம்மா. பள்ளிக்கூடம் விட்டதும் அவளோட சித்திதான் கூட்டிட்டு வர்றாங்க. நீங்க ஆபீஸ்ல இருந்து வர முடியாதுன்னு சொன்னாங்க."

"என் பொண்ணா? எதுக்கு?" என்றாள்.

"கம்பி பிச்சுக்கிட்டே இருக்கு, அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கேன். இதோட பதினோரு தடவை ஒட்டியாச்சு. ஒவ்வொரு தடவை பிச்சுக்கும்போதும் பல் நகர்றது நின்னு போகுது. அதான் லேட்டு. அம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு சித்தி கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா, பாவம்."

"எப்படி டாக்டர் பிச்சுக்குது?"

"பென்சிலைக் கடிக்கிறா. வீட்டுல யாரோ தினமும் அவளை இன்னொரு பொண்ணோட ஒப்பிட்டுப் பேசுறாங்களாம், அதைக் கேட்டாலே கடிக்க ஆரம்பிச்சிடுறா" என்ற டாக்டர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார். "யாருன்னு கேட்டா பொண்ணும் சொல்ல மாட்டேங்குறா, சித்தியும் சொல்ல மாட்டேங்குறாங்க. உங்களுக்காவது தெரியுமாம்மா?"