ஓகுன்லானாவின் முறையீடு

"தன்னோட அப்பா சாவுக்குப் போன என் பொண்டாட்டி அடெபிசி இன்னும் வீடு திரும்பலைங்க. புள்ள அம்மா அம்மான்னு அழுவுது," என்றான் ஓகுன்லானா, எக்கிட்டி அரண்மனையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து.

அரியணையில் இருந்தவரின் முகத்தை மகுடத்தில் தொங்கிய மணிச்சரங்கள் மறைத்திருந்தன. அவற்றின் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மதிலுக்கு வெளியே எதிரியோட குதிரைப்படை நிக்குது. இப்ப அவளை அனுப்ப முடியாது."

"உத்தரவுங்க."

சபை கலைந்து இருவர் மட்டும் மிஞ்சியதும் மணிச்சரங்கள் விலகின. அடுத்த அரசர் வரும்வரை அரசராகவே நாட்டை ஆளும், இறந்த அரசரின் மூத்த மகள் அடெபிசி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"சரணடையச் சொல்லி வந்த தூதனையே விரட்டிட்டியாமே! ஊரெல்லாம் உன் பேச்சுதான்," என்று பூரித்தான் ஓகுன்லானா. "நீ ஊரைக் காப்பாத்து. புள்ளைய நான் பாத்துக்கறேன், ராஜா!"